பனியுகத்து மலையும் நம் மானாவாரி மழையும்

இமயமலைப் பனிக்கட்டிக்கும் பாஞ்சாலங்குறிச்சிக் கரிசலுக்கும் என்ன சம்பந்தம் என்று விவசாய அன்பர்கள் கேட்கலாம். தாமிரபரணி பனி உருகி வரும் ஆறு அல்ல. ஒட்டப்பிடாரம் வட்டாரத்தின் பெரும்பகுதி நிலத்துக்கு அந்தத் தாமிரபரணித் தண்ணீர்கூடப் பாய்வதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானம் கொடுப்பதை வைத்துத்தான் பருத்தி, உளுந்து, பாசி, கம்பு எல்லாம்.

ஆயினும் சம்பந்தம் உண்டு. "இன்னும் முப்பது ஆண்டுகளில் பருவமழை இவ்வளவு கூடும்", "இவ்வளவு குறையும்" என்று அடிக்கடி செய்தி வருகிறது. படிக்கிறவருக்குக் கலக்கமாக இருக்கிறது. மக்காச்சோளத்தை விட்டுவிட்டுக் கம்புக்குத் திரும்பலாமா, கடன் வாங்கிப் பண்ணைக்குட்டை வெட்டலாமா, நிலத்தையே விற்றுவிடலாமா என்றுகூடச் சிலர் யோசிக்கிறார்கள். இந்தச் செய்திகள் எல்லாம் கம்ப்யூட்டர் கணக்கிலிருந்து வருபவை. அந்தக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்? வருங்காலத்தைப் பற்றிச் சொன்னது சரியா என்று பார்க்க வருங்காலம் வந்தாக வேண்டும். அதுவரை விதைக்காமல் இருக்க முடியாது. ஆகவே விஞ்ஞானிகள் அதே கம்ப்யூட்டர் கணக்கைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கிறார்கள். விடை ஏற்கெனவே மண்ணிலும் பாறையிலும் பதிந்து கிடக்கும் ஒரு காலத்தைக் கொடுத்து, "இதைச் சரியாகச் சொல் பார்க்கலாம்" என்று சோதிக்கிறார்கள். அந்தப் பரீட்சைக்கு எடுத்துக்கொள்ளும் காலங்களில் முக்கியமானது பனியுகம்.

முத்துப் பார் தரையாக இருந்த காலம்

கடைசிப் பனியுகத்தின் உச்சம் இற்றைக்குச் சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799-ல். அன்றிலிருந்து இன்றுவரை கழிந்த காலத்தைப்போல் தொண்ணூறு மடங்குக்கு மேல் பின்னால் போனால் பனியுக உச்சம் வரும்.

அப்போது கனடா ஏறக்குறைய முழுவதும், ஐரோப்பாவின் வட பாகமும் கிலோமீட்டர் கணக்கில் கனமுள்ள பனிக்கட்டிக்குக் கீழே கிடந்தன. அவ்வளவு தண்ணீரும் கடலிலிருந்து போனதுதான். எனவே கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தூத்துக்குடிக்கு எதிரே முத்துச்சிப்பி விளையும் பார்கள் பெரும்பாலும் 25 மீட்டர் ஆழத்துக்கு உட்பட்டவை. 1961-ல் கடைசியாக முத்துக்குளித்தல் நடந்த அந்தக் கடல் அடிவாரம் பனியுகத்தில் காற்றடிக்கும் வெட்டவெளி. பாக் நீரிணையும் ஆழம் குறைந்ததே. இராமநாதபுரம் பக்கமிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். பின்னர் பனி உருகிக் கடல் ஏறியது. இன்றைக்கு மன்னார் வளைகுடாவில் காணும் பவளத் தீவுகள் அப்படிக் கடல் ஏறிய பிறகு வளர்ந்தவை.

தென்னாட்டு மலைகளில் பனியாறு இருந்ததில்லை. பொதிகையோ நீலகிரியோ அதற்குப் போதுமான உயரம் இல்லை. ஆகவே பனியாற்றைப் பார்க்க வடக்கே போக வேண்டும்.

பனியாற்றின் வரவு செலவு

பனியாறு என்றால் என்ன என்பதைக் கண்மாயை வைத்துப் புரிந்துகொள்ளலாம். கண்மாய்க்கு வரத்துக்கால் வழியாக வரவு. மடை, ஆவி, கசிவு வழியாகச் செலவு. பனியாற்றுக்கு வரவு மேலே உச்சியில் விழும் பனி. செலவு கீழே வெயிலில் உருகுவது. மேலே சேர்ந்த பனி தன் கனத்தாலேயே இறுகிக் கட்டியாகி, கெட்டிப் பாகு சரிவதுபோல் மெல்ல மெல்லப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. ஆண்டுக்குச் சில மீட்டர் நகர்வதும் உண்டு. நூறு மீட்டருக்கு மேல் நகர்வதும் உண்டு. வரவும் செலவும் சரிக்கட்டும் இடத்தில் அதன் நுனி நிற்கும். வரவு மிஞ்சினால் நுனி கீழே நீளும், செலவு மிஞ்சினால் மேலே சுருங்கும்.

நுனி நின்ற இடத்தில், பனி தள்ளி வந்த கல்லும் மண்ணும் கரை போல் குவிந்துவிடும். பனியாறு மறைந்து பல ஆயிரம் ஆண்டுகள் ஆன பின்னும் அந்தக் கல்கரை நிற்கும். பழைய கண்மாய்க் கரையைப் பார்த்து இதுவரை தண்ணீர் பெருகியது என்று நாம் சொல்வதில்லையா, அதுபோல. அந்தக் கற்கள் வெளியில் வந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதற்கும் கணக்கு இருக்கிறது. வானவெளியிலிருந்து வரும் கதிர்கள் பட்டுப் பட்டு வெள்ளைக்கல்லில் ஒருவகை பெரிலியம் அணுக்கள் சேர்ந்துகொண்டே போகும். அதை அளந்தால் வயது தெரியும்.

இனி கம்ப்யூட்டரின் வேலை. மலையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் உயரத்தையும் கம்ப்யூட்டரில் பதிய வைக்கிறார்கள். பொதுவாக ஒரு கிலோமீட்டர் மேலே ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் குறையும் என்பது ஒரு விதி. இவ்வளவு உஷ்ணத்தில் இவ்வளவு பனி உருகும் என்பது இன்னொன்று. பனிக்கட்டி சரியும் வேகத்துக்கு மூன்றாவது விதி. பிறகு, "உஷ்ணம் ஐந்து டிகிரி குறைவு, பனிப்பொழிவு முக்கால் பங்கு" என்று ஒரு சீதோஷ்ணத்தைக் கொடுத்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளை ஓட்டுவார்கள். கணக்கில் பனியாறு வளர்ந்து ஓரிடத்தில் நிற்கும். அது நிற்கும் இடமும் உண்மையான கல்கரை இருக்கும் இடமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஒத்துப்போகும்வரை எண்களை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கண்மாய் நிறைந்து நின்றால் மழை அதிகம் பெய்ததென்றும் கொள்ளலாம். மடையைத் திறக்கவில்லை என்றும் கொள்ளலாம். பனியாறும் அப்படியே. கடுங்குளிர், குறைந்த பனி என்று வைத்தாலும், மிதமான குளிர், நிறைந்த பனி என்று வைத்தாலும் நுனி ஒரே இடத்தில் வந்து நிற்கும். கம்ப்யூட்டர் தனியாக இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. வேறு சாட்சி வேண்டும்.

கங்கோத்திரியே இதற்கு நல்ல உதாரணம். இப்போது 30 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பனியாறு, முற்காலத்தில் கோமுகத்துக்குக் கீழே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஜாலா என்ற ஊர்வரை நீண்டு கிடந்திருக்கிறது. உலகிலேயே குளிர் கடுமையாக இருந்த 21,000 ஆண்டுகளுக்கு முன்புதான் அது நடந்திருக்க வேண்டும் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் அது நடந்தது ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன்! உச்சக் குளிரின்போது இமயத்தின் பல பள்ளத்தாக்குகளில் பனியாறு அந்த அளவுக்கு எட்டவில்லை. இதற்கு ஆராய்ச்சியாளர்கள் கூறும் முக்கிய காரணம், அப்போது தென்மேற்குப் பருவக்காற்று நலிந்திருந்தது என்பது. குளிர் இருந்தது, வரவு இல்லை. மழை பொய்த்த ஆண்டில் மடையை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் கண்மாய் பெருகாது என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடல் சொன்னதும் மலை சொன்னதும்

இந்தத் துறையில் நடந்த ஒரு பெரிய வழக்கை இங்கே சொல்ல வேண்டும். 1970-களில் 'கிளைமாப்' என்ற திட்டத்தில் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து, கடலடிச் சேற்றில் புதைந்த நுண்ணுயிர்களின் ஓடுகளைக் கொண்டு பனியுகக் கடலின் உஷ்ணத்தைக் கணக்கிட்டார்கள். உஷ்ண மண்டலக் கடல்கள் அவ்வளவாகக் குளிரவில்லை, குறைவு இரண்டு டிகிரிக்கும் உள்ளே என்பது அவர்கள் முடிவு.

மலைகளோ வேறு சொல்லின. ஹவாய்த் தீவு, கிழக்கு ஆப்பிரிக்கா, நியூ கினி போன்ற உஷ்ண மண்டல மலைகளில் பனிக்கோடு சுமார் 900 மீட்டர் கீழே இறங்கியிருந்ததைக் கல்கரைகள் காட்டின. கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி என்று பெருக்கிப் பாருங்கள். ஆறு டிகிரிக்குச் சற்றுக் குறைவாக வரும். கடல் இரண்டு டிகிரி, மலை ஆறு டிகிரி, எதை நம்புவது?

1985-ல் அமெரிக்காவில் டேவிட் ரிண்ட், டாரதி பெட்டீட் என்ற இரு விஞ்ஞானிகள் கிளைமாப் கடலை அப்படியே கம்ப்யூட்டரில் வைத்து ஓட்டினார்கள். மலையில் பனிக்கோடு அவ்வளவு தூரம் இறங்கவே இல்லை. கடலைச் சுமார் இரண்டு டிகிரி மேலும் குளிர வைத்த பிறகுதான் மலைச் சாட்சியத்துக்கு அருகில் வந்தது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது என்று கம்ப்யூட்டர் எடுத்துக் காட்டிவிட்டது. பின்னர் வேறு சாட்சிகள் வந்தன. பிரேசிலில் பனியுகத்தில் பெய்து மண்ணுக்குள் இறங்கிய மழைநீர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. தண்ணீர் குளிர்ந்திருந்தால் காற்றிலுள்ள சில வாயுக்கள் அதில் அதிகமாகக் கரையும். அந்த ஆழ்நீரை எடுத்து வாயுவை அளந்தபோது, மழை பெய்த நாளில் அந்தப் பூமி இன்றைக்கு இருப்பதைவிட ஐந்து டிகிரிக்கு மேல் குளிர்ந்திருந்தது என்று 1995-ல் தெரியவந்தது. உஷ்ண மண்டலக் கடல்களும் கிளைமாப் சொன்னதைவிட அதிகமாகவே குளிர்ந்திருந்தன என்பதை இப்போது பெரும்பாலோர் ஏற்கிறார்கள். உலகம் முழுவதற்கும் சராசரி பார்த்தால் ஏறத்தாழ ஆறு டிகிரி குறைவு.

இந்தப் பரீட்சை இன்றும் நடக்கிறது. 1991-ல் தொடங்கிய சர்வதேசத் திட்டம் ஒன்றின்படி பல நாட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் ஒரே கேள்வித்தாள் தரப்படுகிறது: 21,000 ஆண்டுகளுக்கு முன் இருந்த பனிக்கட்டி, காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 190 பங்கு மட்டுமே இருந்த கரியமில வாயு, அன்றைய சூரிய ஒளி. (தொழிற்சாலைகள் வருமுன் கரியமில வாயு 280 பங்கு, இப்போது 420-க்கு மேல்.) தேறாதவர்களும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள தேசிய வாயுமண்டல ஆராய்ச்சி மையத்தின் புதிய கம்ப்யூட்டர் மாதிரி, வருங்கால வெப்பத்தை மற்றவற்றைவிடக் கூடுதலாகச் சொல்லிவந்தது. அதற்குப் பனியுகக் கேள்வித்தாளைக் கொடுத்தபோது, உலகம் 11 டிகிரிக்கு மேல் குளிர்ந்ததாக விடை எழுதியது! மேகங்களைக் கணக்கிடும் பகுதியில் கோளாறு என்று 2021-ல் அந்த விஞ்ஞானிகளே வெளியிட்டார்கள். பனியுகம் இல்லாவிட்டால் அந்தக் கோளாறு பிடிபட வெகுநாள் ஆகியிருக்கும்.

சோளமும் நெல்லும் சொல்லும் சாட்சி

நம் நாட்டுச் சாட்சியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது நீலகிரியினுடையது; அதைப் புரிந்துகொள்ள விவசாயியைவிடத் தகுந்தவர் இல்லை. நாம் பயிரிடுபவற்றில் சோளம், கம்பு, மக்காச்சோளம், கரும்பு ஆகியவை ஒரு வகை. நெல், உளுந்து, பருத்தி மற்றொரு வகை. முதல் வகை வெயிலும் வறட்சியும் தாங்கும். கரியமில வாயு குறைவாக இருந்தாலும் சமாளிக்கும். இரண்டு வகையும் காற்றிலிருந்து கரியை எடுக்கும் முறை வேறு. அதனால் அவற்றின் உடலில் சேரும் கனமான கரி அணுக்களின் விகிதமும் வேறு. செடி மட்கிப்போன பின்னும் அந்த அடையாளம் மாறாது.

நீலகிரி மேட்டுப் பள்ளங்களில் இலை தழை மட்கி அடுக்கடுக்காகச் சேர்ந்த கருஞ்சேறு இருக்கிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ராமன் சுகுமாரும், அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் ஆர். ரமேஷும், உடன் பணியாற்றியவர்களும் அந்தச் சேற்றை அடுக்கு அடுக்காக ஆராய்ந்து 1993-ல் வெளியிட்டார்கள். பனியுக உச்சத்தை ஒட்டிய அடுக்குகளில் சோளவகைப் புற்களின் அடையாளம் மிகுந்திருந்தது, அதாவது வறட்சி. காற்றில் கரியமில வாயு குறைந்ததும் அந்தப் புற்களுக்குச் சாதகமாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். பனியுகம் முடிந்து, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளில் மற்ற வகை ஓங்குகிறது. அதாவது நல்ல மழை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் குட்ஸ்பாக் 1981-லேயே இதற்குப் பொருந்தும் ஒரு கணக்கை வெளியிட்டிருந்தார். பூமியின் சுற்றுப்பாதையும் சாய்வும் மெல்ல மாறுவதால், 9,000 ஆண்டுகளுக்கு முன் கோடையில் வட பூகோளத்துக்கு அதிக வெயில் கிடைத்தது. அதனால் தென்மேற்குப் பருவக்காற்று இன்றைவிட வலுத்திருந்தது என்பது கம்ப்யூட்டர் கொடுத்த விடை. பன்னிரண்டு ஆண்டு கழித்து நீலகிரிச் சேறும் அதே பக்கம் சாட்சி சொன்னது. பனியுக உச்சத்தில் தென்மேற்குப் பருவம் நலிந்தது, பின்னர் வலுத்தது என்ற விஷயத்தில் மலை, சேறு, கம்ப்யூட்டர் மூன்றும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

ஆனால் நம் மழை வடகிழக்கு

தென்மேற்குப் பருவத்தில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் காற்றுதான். மழை மலைக்கு அந்தப் பக்கம் விழுந்துவிடுகிறது. ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் பெறும் இந்த மாவட்டத்தில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. அந்தப் பருவம் பனியுகத்தில் எப்படி இருந்தது?

இங்கே சாட்சிகள் குறைவு. அரபிக்கடல் சேற்றை ஆராய்ந்த நம் நாட்டு விஞ்ஞானிகள், பனியுகத்தில் வாடைக்காலக் கடல் நீரோட்டம் இன்றைவிட வலுவாக இருந்ததென்று 1990-ல் காட்டினார்கள். காற்று பலமாக அடித்திருக்கிறது. ஆனால் காற்று வேறு, மழை வேறு. ஆடிக்காற்றைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நம் தேரிக் காடுகளும் ஒரு சாட்சிதான். சாயர்புரம் முதலிய இடங்களின் செம்மணலில் ஆதிமனிதர் செய்த சிறு கல் ஆயுதங்கள் கிடைத்ததை ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956-ல் எழுதினார்கள். மணல் பரல் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்று அளக்கும் முறை இப்போது வந்திருக்கிறது; பனியுகம் முடிந்த பிறகும் காற்று தேரிகளைக் குவித்துக்கொண்டிருந்ததை அது காட்டுகிறது. ஆனால் தேரி எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்று சொல்லாது. காற்று அடித்ததையும், மணலைப் பிடித்துவைக்கச் செடிகொடி போதவில்லை என்பதையுமே சொல்லும்.

கம்ப்யூட்டர் பக்கமும் சங்கடம் உண்டு. உலகம் முழுவதையும் கணக்கிடும் மாதிரிகளில் ஒரு கட்டம் பெரும்பாலும் பக்கத்துக்கு 100 கிலோமீட்டர், அதாவது 10,000 சதுர கிலோமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தின் பரப்பு சுமார் 4,600. மாவட்டத்தைப்போல் இரண்டு பங்கு பரப்புக்கு ஒரே மழை, ஒரே உஷ்ணம்! அவ்வளவு பெரிய கட்டத்தில் பொதிகை மலை தணிந்து ஒரு மேடாகிவிடும். நமக்குத் தென்மேற்கு மழையைத் தடுப்பதே அந்த மலைதானே? மலையைத் தணித்தால் மழைக்கணக்கும் பிசகும். பனியாற்றை ஆராய்பவர்கள் இதே தொல்லையைக் கண்டுதான் மலைப்பகுதிக்கு மட்டும் மிகச் சிறு கட்டங்கள் போட்டுக் கணக்கிடுகிறார்கள். மழைக்கும் அப்படிச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். செலவும் நேரமும் அதிகம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஓர் ஆண்டு மழையைவிட அதிகம். 100 கிலோமீட்டர்க் கட்டத்தில் அத்தகைய மழை பரந்து கரைந்து, சாதாரணக் கனமழையாகவே தெரியும்.

எதைக் கொள்ள வேண்டும், எதைத் தள்ள வேண்டும்

பனியுகப் பரீட்சையை வைத்துப் பார்த்தால், வெப்பம் கூடும் என்ற செய்தியை நம்பலாம். கரியமில வாயு ஏறினால் பூமி சூடாகும், இறங்கினால் குளிரும் என்ற அடிப்படை, மலையிலும் கடலிலும் ஆழ்நீரிலும் சோதித்துத் தேறியது. உஷ்ணம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவிகிதம் அதிக ஈரம் தாங்கும். எனவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் மழை இன்னும் வலுக்கும் என்பதும் நம்பத்தக்கதே. கரிசலில் தண்ணீர் தேங்கினால் உளுந்து ஒரே வாரத்தில் மஞ்சளித்துவிடும். அகலப் பாத்தியும் சாலும் அமைத்து விதைப்பது, வடிகாலைப் பட்டத்துக்கு முன்பே தூர் வாருவது, வடிந்த நீரைப் பண்ணைக்குட்டையில் பிடிப்பது ஆகியவற்றுக்குச் செய்யும் செலவு வீண் போகாது. வறண்ட ஆண்டிலும் அந்தக் குட்டை உதவும்.

ஆனால், "2050-ல் ஒட்டப்பிடாரம் வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை இத்தனை சதவிகிதம்" என்று துல்லியமாக ஓர் எண் யாராவது சொன்னால், அதை வைத்துப் பயிரை மாற்றவும் வேண்டாம், நிலத்தை விற்கவும் வேண்டாம். எத்தனை மாதிரிகள் அப்படிச் சொல்லின, எத்தனை மாறாகச் சொல்லின, கட்டத்தின் அளவு என்ன என்று கேளுங்கள். சொன்னவர் விஷயம் அறிந்தவராக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். விதைப்புக்கும் மருந்தடிப்புக்கும் வானிலைத் துறையின் ஐந்து நாள் முன்னறிவிப்பே பயன்படும். அது வேறு கணக்கு. பனியுகத்துக்கும் 2050-க்கும் ஓட்டும் கணக்கை அதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கம்ப்யூட்டர் கட்டத்தைச் சிறிதாக்க வேண்டுமானால் ஊருக்கு ஊர் மழைக்கணக்கு வேண்டும். அரசாங்கத்தின் மழைமானி எல்லா ஊரிலும் இல்லை. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, பக்கம் நேரான தகர டப்பா ஒன்று போதும். மரத்துக்கும் சுவருக்கும் அவற்றின் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி, வெட்டவெளியில், சாயாதபடி பதித்து வையுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு அடிக்கோலை நட்டு மில்லிமீட்டரில் அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதிவிட்டு டப்பாவைக் கவிழ்த்துவிட வேண்டும். மழை இல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுத வேண்டும், வெறுமனே விடக்கூடாது. 10 மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 40,000 லிட்டர். வானிலைத் துறையும் காலை எட்டரைக்கே அளக்கிறது. ஆகவே உங்கள் நோட்டை அதனுடன் நாளுக்கு நாள் ஒத்துப் பார்க்கலாம்.